காலை தூக்கவும்

பிப்ரவரி 6

உச்சாணிக் கொம்புல உட்கார்ந்திருக்கற என் தம்பிக்கு,

முதல்ல மானம் போன கதையைச் சொல்லிடறேன், சுகம் விசாரிக்கறது அப்புறம். போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். டிரைவர் நல்ல மனுஷன், கண்ணாடியில பார்த்து நிறுத்திட்டார். நான்தான் போய்ச் சேரல. பாதி வழியில விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். பஸ் என்னைத் தேடிக்கிட்டு வந்தது தம்பி. பின்பக்கமா! உள்ளே ஏத்தி உட்கார வச்சு ஒருத்தர் தண்ணி கொடுக்கறார், ஒருத்தர் பேப்பரால விசிறறார். டிரைவர் "எந்த ஆஸ்பத்திரிம்மா?"ன்னு கேட்டார். ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், ஆனா துணி துவைக்கப் போறேன்னு சொல்ல எனக்கு மூச்சு வரல.

சரி, நீ சுகமா? போன்ல கேட்டா 'ம்' கொட்டறே. கதை கேக்கற குழந்தை கூட நடுவுல ஒரு கேள்வி கேக்கும். அதான் கடுதாசி. கடுதாசியில 'ம்'னு மட்டும் எழுதி ஒட்டி அனுப்ப உனக்கே வெக்கமா இருக்கும்.

போன வாரம் உன் 'ம்'களுக்கு நடுவுல ஒரு வாக்கியம் தவறி விழுந்தது. கிரேன் ஏணியில நின்னு நின்னு ஏறறேன், ஏப்ரல்ல பரிசோதனை, நடுவுல நிக்காம ஏறாதவங்களைக் கீழ் வேலைக்கு மாத்திடுவாங்கன்னு சொன்னே. சொல்லிட்டு 'ம்'னு வச்சுட்டே. எனக்குச் சோறு இறங்கல. கல்யாணம் வேண்டாம்னு மேலே ஏறி உட்கார்ந்தவன் நீ. அந்தக் கண்ணாடிக் கூண்டுதான் உனக்குப் பொண்டாட்டி, புள்ளை எல்லாம். கீழே இறக்கினா நாலு பேர்கிட்ட பேச வேண்டி வருமே, அதுக்கே நீ இளைச்சுடுவே.

எங்க ஆஸ்பத்திரியில கை கால் பிடிப்புக்குப் பயிற்சி கொடுக்கற டீச்சரம்மா இருக்காங்க. உனக்காகக் கேட்டேன். சுவத்துல ஒட்டியிருக்கறதைப் பார்த்து எழுதிக்கோன்னாங்க. படமும் இருக்கு, எனக்கு வரைய வராது. எழுத்தை மட்டும் அப்படியே காப்பி அடிச்சிருக்கேன்:

வேலைக்கு முன் தினமும் காலை தூக்கவும். இருபது முறை. மெதுவாக. மூச்சை அடக்கக் கூடாது.

நானும் செய்யப் போறேன். நடக்கவும் போறேன். உன் அத்தான் சிரிக்கறார். சிரிக்கட்டும், அவர் கடைசியா குனிஞ்சு செருப்பு மாட்டினது எங்க கல்யாணத்துல.

வாய் மட்டும் இளைக்காத
உன் அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நலம். அத்தான் நலமா.

நீ எழுதியபடி செய்து வருகிறேன். வேலைக்கு முன் அரை மணி நேரம் முன்னால் போகிறேன். காலை தூக்குகிறேன். இருபது முறை. கம்பிக்கட்டு. மெதுவாக. மூச்சை அடக்கவில்லை.

சைகைக்காரர் கீழே நின்று கை காட்டாமல் எதையும் தூக்கவோ இறக்கவோ கூடாது என்பது விதி. அதனால் அவரையும் அரை மணி முன்னால் வரச் சொன்னேன். வருகிறார். கூண்டிலிருந்து பார்த்தால் அவருடைய மஞ்சள் தொப்பி மட்டும் தெரியும். ஒன்பது வருடப் பழக்கம். பெயர் கேட்டதில்லை.

ஒரே கம்பிக்கட்டை ஏன் இருபது முறை தூக்கி இறக்குகிறாய் என்று சூப்பர்வைசர் கேட்டார். உடம்புக்கு என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஏணியில் மூச்சு இன்னும் வாங்குகிறது. முறையை மாற்ற வேண்டுமா என்று டீச்சரம்மாவிடம் கேள். கிரேனில் உட்கார்ந்து தூக்கினால் எனக்கு எப்படி பலம் வரும் என்று மஞ்சள் தொப்பி கையாலேயே கேட்கிறார். படித்தவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று நானும் கையாலேயே சொன்னேன்.

மேகம் இன்று கூண்டுக்குக் கீழே இருந்தது. மதியம் வழக்கம்போல் நான் சாப்பாட்டு ஹார்ன் அடித்தபோது கீழே தலைகள் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கீழே போயிற்று.

தம்பி


மார்ச் 3

என் தங்கமே, என் தூக்குத் துரையே,

உன் கடுதாசியைத் துவைக்கற இடத்துல வச்சுப் படிச்சேன். சிரிச்ச சிரிப்புல ஒரு கூடை போர்வை தண்ணிக்குள்ள போயிடுச்சு. டீச்சரம்மாகிட்ட ஓடினேன். அவங்க படிச்சுட்டு நாற்காலியில உட்கார்ந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

காலை இல்லடா! கால்! உன் கால்! இடுப்புக்குக் கீழே ரெண்டு தொங்குதே, அது! தரையில மல்லாக்கப் படுத்து, ஒவ்வொரு காலா மேலே தூக்கணும். காலைத் தூக்கவும். நடுவுல ஒரு த் இருக்காம். சுவத்துல இருக்கு. நான்தான் விட்டுட்டேன். டீச்சரம்மா சொன்னாங்க, அந்த த் இருந்தா உன் கால், இல்லாட்டி காலை நேரமாம். எனக்கும் புள்ளி வச்ச எழுத்துக்கும் சின்ன வயசுலேயே ஆகாது, உனக்குத்தான் தெரியுமே.

ஆனா ஒண்ணு தம்பி. இங்கே அக்கா ஒரு த் விட்டதுக்கு, அங்கே ஒரு டன் கம்பி இருபது நாளா மேலேயும் கீழேயும் போய் வந்திருக்கே. கம்பிக்கு உடம்பு நல்லா தேறியிருக்கும்.

இனிமே ஒழுங்கா எழுதறேன். படுத்துக் காலைத் தூக்கு. அப்புறம் சுவத்தோரமா நின்னு, நாற்காலியில உட்கார்ற மாதிரி பாதி உட்கார்ந்து எழு. அப்புறம் எங்கேயாவது படி ஏறு. எல்லாம் வேலைக்கு முன்னாடி. வேலைக்கு அப்புறம்னா நாம ரெண்டு பேரும் செய்ய மாட்டோம், நம்ம ரத்தம் அப்படி.

நான் தினமும் விடியறதுக்குள்ள நடக்கறேன். காத்து ஜிலுஜிலுன்னு இருக்கு. பள்ளிக்கூடப் புள்ளைங்க பையைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது என்னைப் பார்த்துக் கை காட்டுதுங்க. ஒரு வாண்டு "பாட்டி, வேகமா!"ங்குது. பாட்டியாம்! அதைப் பிடிச்சு ரெண்டு வைக்கலாம்னா கைக்கு எட்ட மாட்டேங்குது.

பின்குறிப்பு: த் த் த் த். எங்கெங்கே விட்டேனோ அங்கே எடுத்துப் போட்டுக்கோ.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

நலம். த் கிடைத்தது. மூன்று மிச்சம், வைத்திருக்கிறேன்.

இப்போது கால். எங்கள் அறையில் நான்கு கட்டில். நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் உண்டு, காலைத் தூக்க இடம் உண்டு, இறக்கும்போது யார் தலையாவது இருக்கிறது. அதனால் அவர்கள் எழுவதற்கு முன் செய்துவிடுகிறேன்.

மஞ்சள் தொப்பியிடம் இனி முன்னால் வர வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் இரண்டு கையையும் விரித்தார். வருத்தமா, சந்தோஷமா, மேலிருந்து தெரியவில்லை.

ஒரு சந்தேகம். நீ விடிவதற்குள் நடப்பதாக எழுதியிருக்கிறாய். விடியும் முன் பையோடு போகும் பள்ளிக்கூடம் எது.

தம்பி


மார்ச் 30

ஊமைக்கோட்டானுக்கு,

ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க! சரி, பிடிபட்டேன். நடந்தது நிஜம். விடிஞ்சு வெயில் முதுகுல ஏறினப்புறம், பஸ் நிறுத்தம் வரைக்கும். அதை நடைன்னு சொன்னா நடைக்கே கோபம் வரும்.

ஆனா இப்போ நிஜமாவே எழுந்திருக்கறேன், சத்தியம். அலாரம் வச்சுப் பார்த்தேன், அதோட தலையில தட்டறதுலதான் கை தேறுது. அதனால ஒரு வழி கண்டுபிடிச்சேன். ராத்திரியே நடக்கற ஷூவை எடுத்து டீ போடற பாத்திரத்துக்குள்ள வச்சுடறது. எனக்குக் காலையில டீ இல்லாம கண் திறக்காது. டீக்குப் பாத்திரம் வேணும், பாத்திரத்துக்கு ஷூவை வெளியே எடுக்கணும். கையில எடுத்துட்டோமே, கால்ல மாட்டித் தொலைப்போம்னு மாட்டிடறேன். மாட்டினா கால் தானா வாசலுக்குப் போகுது. முந்தாநாள் உன் அத்தான் இருட்டுல எழுந்து டீத்தூள் போட்டுட்டார். பாத்திரத்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கல. ஷூ இன்னும் வாசம் வீசுது.

தெரு அந்த நேரத்துல வேற மாதிரி இருக்கு தம்பி. பால்காரர், பேப்பர் போடறவர், நான். ராஜா மந்திரி மாதிரி நடு ரோட்டுல நடக்கறோம்.

பரிசோதனை முடிஞ்ச அன்னிக்கே எழுது. மேலே ஏறினதும் எழுது, இறங்கறதுக்குள்ள.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

நலம். அத்தானின் டீ பற்றிப் படித்தேன்.

வேலை இருந்தது, அதனால் எழுதவில்லை. இங்கே வெயில். தூசி கண்ணில் விழுகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்.

சூப்பர்வைசர் புது ஷூ வாங்கியிருக்கிறார், ஒரு கயிறு எப்போதும் அவிழ்ந்தே இருக்கிறது. மஞ்சள் தொப்பிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. சிரித்தால் விசில் சத்தம் வருகிறது. நிறையச் சிரிக்கிறார். மதிய ஹார்ன் இப்போதெல்லாம் தாமதமாக அடிக்கிறது.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

தம்பி


மே 12

தரையில நிக்கற என் தம்பிக்கு,

இந்தக் கடுதாசியை மூணு தடவை கிழிச்சுட்டு நாலாவதா எழுதறேன்.

பதினெட்டு வருஷமா நீ எனக்குச் சொன்னதெல்லாம் தலைதான். மொட்டைத் தலை, தொப்பித் தலை, மேகத்துக்குள்ள போன தலை. யாருக்கும் மூஞ்சியே கிடையாது. இந்தத் தடவை சூப்பர்வைசருக்கு ஷூக்கயிறு இருக்கு. மஞ்சள் தொப்பிக்குப் பல் இருக்கு. மேலே இருக்கறவனுக்குப் பல் சந்து எப்படிடா தெரியும்? ஹார்ன் லேட்டா அடிக்குதாம். அடிக்கறவன் நீயா இருந்தா அது ஏன் லேட்டாகுது?

எப்போ இறக்கினாங்க?

கேலி பண்ண மாட்டேன். ஒரு பாரா முழுக்கப் பண்ணல பாரு, எனக்கே உடம்பு என்னமோ பண்ணுது.

என் புள்ளைக்குக் கணக்குல முட்டை வந்தப்போ நீ என்கிட்ட ஒண்ணு சொன்னே. "பள்ளிக்கூடம் அங்கேயேதானே இருக்கு"ன்னே. நீ பேசினதுலேயே அதுதான் பெரிய வாக்கியம், அதான் ஞாபகம் இருக்கு. ஏணியும் அங்கேயேதானே இருக்கு?

நான் இன்னிக்கும் நடந்தேன். மழை தூறிச்சு, அப்பவும் நடந்தேன். உனக்கும் சேர்த்து.

பதில் போடு. 'ம்'னாவது போடு.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

ம்.

ஏப்ரல் பதினொன்று. பாதி ஏணியில் நின்று இளைப்பாற ஒரு தட்டு இருக்கிறது. அங்கே நின்றுவிட்டேன். காலையில் கட்டிலுக்கு நடுவில் செய்தது போதும் என்று நினைத்திருந்தேன். கால் அடுத்த படிக்கு ஏறவில்லை. பின்னால் ஏறி வந்த பரிசோதனை டாக்டரும் நிற்க வேண்டியதாயிற்று. அவர் திட்டவில்லை. உட்காருங்கள் என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது சுமைக்குக் கொக்கி மாட்டும் வேலை. மேலே புது ஆள். நல்லவன்தான், ஹார்னை மறந்துவிடுகிறான். நாள் முழுக்க எல்லோரும் பேசுகிறார்கள். நானும் பேச வேண்டியிருக்கிறது. இரவில் தாடை வலிக்கிறது.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ உச்சாணிக் கொம்பு என்று எழுதுவாய். அதைப் படிக்கப் பிடிக்கும்.

இறக்கிய பிறகு காலைத் தூக்குவதையும் விட்டுவிட்டேன். யாருக்காகத் தூக்க வேண்டும் என்று இருந்தது.

போன திங்கட்கிழமை மஞ்சள் தொப்பி அறை வாசலில் வந்து நின்றார். இன்னும் இருட்டு. 'மேலே' என்று கை காட்டினார். நாங்கள் கட்டும் கட்டடத்தில் படிக்கட்டு முடிந்துவிட்டது, கைப்பிடி மட்டும் இல்லை. அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். மூன்றாவது மாடியில் நான் நின்றேன். அவரும் நின்றார். 'மெதுவாக' என்று கை காட்டினார். என்னிடம் ஒன்பது வருடமாகக் காட்டும் அதே சைகை. சுமைக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். ஏன் என்று கேட்டேன். "பிப்ரவரியில் என்னை அரை மணி முன்னால் எழுப்பிப் பழக்கிவிட்டாய், இப்போது தூக்கம் வரமாட்டேன் என்கிறது, அனுபவி" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு பரிசோதனை. சூப்பர்வைசர் என் பெயரைத் தானாகவே கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. ஷூக்கயிறு கட்டக் குனிந்தபோது அவர் பையிலிருந்த தாளில் பார்த்தேன்.

தம்பி


ஜூன் 9

இன்னும் கொஞ்ச நாள் மட்டும் தரையில நிக்கற தம்பிக்கு,

அழுதேன், சிரிச்சேன், அப்புறம் உன் அத்தானைத் திட்டினேன். அவர் எதுவும் பண்ணல, பக்கத்துல இருந்தார்.

பார்த்தியா, நான் ஒரு த் விடலேன்னா நீ அந்த மனுஷனை முன்னாடியே வரச் சொல்லியிருக்க மாட்டே. அவருக்கு அந்த வழக்கம் வந்திருக்காது. உன் வாசல்ல வந்து நின்னிருக்க மாட்டார். டீச்சரம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அதுக்காக எல்லாத்துலேயும் விடாதீங்க"ன்னாங்க. அவங்களுக்குப் பொறாமை.

அவங்க உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. ஏணியில கையால இழுத்து ஏறாதே, காலால உந்தி ஏறு. கை பிடிச்சுக்க மட்டும்தான். பயந்தவங்கதான் கையால ஏறுவாங்களாம், அதுல சீக்கிரம் மூச்சு போயிடுமாம். காலால் உந்து. இதுல த் வருமான்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன், வராதாம்.

என் சேதி: நேத்து பஸ்ஸு கிளம்பிடுச்சு. ஓடினேன். பிடிச்சேன்! அதே டிரைவர். என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்துல கை தண்ணி பாட்டிலுக்குப் போச்சு. "வேண்டாம்பா, உனக்கு வேணுமா?"ன்னு கேட்டேன். பஸ்ஸே சிரிச்சது.

உன் அத்தானும் வாசல் வரைக்கும் வர ஆரம்பிச்சிருக்கார். வாசல்ல நின்னு என்னை வழியனுப்பிட்டு மறுபடி படுத்துக்கறார். அவர் ஏணியில அதுதான் முதல் படி.

மஞ்சள் தொப்பிக்கு என் வணக்கம். பேர் கேக்காதே. கேட்டா சாதாரண மனுஷனாயிடுவார்.

அக்கா


ஆகஸ்ட் 30

தம்பி,

பரிசோதனை முடிஞ்சிருக்கும். போன்ல கேக்க பயமா இருக்கு. நீ 'ம்'னா அது எந்த 'ம்'முன்னு எனக்குத் தெரியாது.

ரெண்டு நாளா ஷூவைப் பாத்திரத்துல வைக்க வேண்டியில்லை, தூக்கமே இல்லாததால நேரத்துக்கு முன்னாடியே தெருவுல நிக்கறேன். பால்காரர் "என்னம்மா, எனக்கு முன்னாடியா?"ங்கறார்.

எப்படி ஆனாலும் எழுது. மேலேன்னாலும் தம்பி, கீழேன்னாலும் தம்பி. கீழேயே இருந்தாலும் நாளைக்குக் காலையில படிக்கட்டை விட்டுடாதே. எனக்கு அது போதும்.

அக்கா


செப்டம்பர் 4

அக்காவுக்கு,

நலம். அத்தான் வாசலைத் தாண்டிவிட்டாரா.

இதை மேலே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னபடி இறங்குவதற்குள்.

பரிசோதனை அன்று நடுத்தட்டு வந்தது. நிற்கவில்லை. நிற்கலாம் போல இருந்தது, காற்று நன்றாக இருந்தது. கீழே பார்த்தேன். மஞ்சள் தொப்பி 'தூக்கு, தூக்கு' என்று கை காட்டிக்கொண்டிருந்தார். காலால் உந்தினேன். உச்சிக்கு வந்து டாக்டருக்காகக் காத்திருந்தேன். அவர் நடுத்தட்டில் நின்று மூச்சு வாங்கினார். உட்காருங்கள் என்றேன்.

நேற்று முதல் மறுபடி கிரேன் என்னிடம். படிக்கட்டு ஏறுவதை விடவில்லை. இன்றும் ஏறினோம். புது ஆளும் வந்தான், சூப்பர்வைசரும் முதல் மாடி வரை வந்தார், கயிறு அவிழ்ந்ததால் திரும்பிவிட்டார்.

மேலிருந்து எல்லோரும் மறுபடி தலைதான். ஆனால் மஞ்சள் தொப்பி சிரித்தால் இப்போது தெரிகிறது. எப்படி என்று கேட்காதே.

இன்று காலை ஒரு சின்ன விஷயம். மணல் தொட்டி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. சைகை வரும்வரை சும்மாதானே இருக்கிறோம் என்று காலைத் தூக்கினேன். கால் ஹார்ன் மேல் பட்டது. நீளமாக அடித்தது. சாப்பாட்டு ஹார்ன். மணி எட்டே கால். எல்லோரும் சாமான்களைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள்.

மஞ்சள் தொப்பி 'இறக்கு, இறக்கு' என்று காட்டினார். தொட்டியை இறக்கினேன். அவர் இறக்கச் சொன்னது காலை.

தொட்டி சூப்பர்வைசர் அறையின் வாசலில் மெதுவாக உட்கார்ந்தது. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. மஞ்சள் தொப்பி தலையில் அடித்துக்கொண்டு ஆட்களைத் திரும்பக் கூட்டி வர ஓடினார். இன்னும் திரும்பவில்லை. சைகைக்காரர் இல்லாமல் எதையும் தூக்கக் கூடாது என்பது விதி.

சூப்பர்வைசர் ஜன்னலிலிருந்து இரண்டு கையாலும் 'தூக்கு' என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் சைகைக்காரர் அல்ல.

மற்றபடி நலம்.

தம்பி